சரிவில் முதுகு காட்டி நின்றவர்

பெங்களூரில் பிரேக் வேலை பார்த்தவர்களிலேயே வாடிக்கையாளரை அதிகமாக விரட்டியடித்தவர் ஒக்கலிபுரம் ஆகல்லதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. எந்த வண்டி வந்தாலும் அதன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஆகல்ல" என்பார். கன்னடத்தில் முடியாது என்று அர்த்தம். தெருவில் எந்த மொழிக்காரனுக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

பக்கத்து ஷெட்டில் நான் லேத் போட்டிருந்தேன். அவருக்கு வேண்டிய பிரேக் டிரம்மெல்லாம் கடைந்து கொடுத்தது நான்தான். டிரம் என்றால் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புச் சட்டி. உள்ளேயிருந்து பிரேக் ஷூ அதன் சுவரை அழுத்தினால்தான் வண்டி நிற்கும்.

ஒருமுறை ஒரு இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கொண்டுவந்தார்.

"சும்மா டைட் பண்ணிக் குடுப்பா. அர்ஜென்ட்."

"ஆகல்ல. டிரம் தேஞ்சு தகடாயிடுச்சு."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பிரேக் இல்லாத ஜீப்ல போற ஆளு."

சொல்லிவிட்டு இரண்டு சக்கரங்களைக் கழற்றி உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டார். இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு நடந்து போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை எங்களில் ஒருவனுக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

ஆட்டோ பிடித்தால் ஏறுவதற்கு முன்னால் ரோட்டில் மண்டியிட்டு பிரேக்கைப் பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போய்விடுவான். உறவில் கல்யாணம் என்றால் அவர் மனைவி பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்ட பிறகு, இவர் வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து சேருவார்.

இதெல்லாம் பரவாயில்லை. அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் என்னால் சகிக்க முடியாது. பிரேக் வேலை முடிந்ததும், ரயில் பாலத்தை நோக்கி இறங்கும் சரிவின் அடியில் போய் நிற்பார். கையில் டீ. முதுகு வண்டியைப் பார்த்திருக்கும். வண்டிக்குச் சொந்தக்காரன் மேலேயிருந்து ஓட்டி வந்து அவருக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்த வேண்டும். நின்றால்தான் வண்டி வெளியே போகும். சுத்த முட்டாள்தனம். அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"திரும்பி நின்னாதான் என்னண்ணா?"

"பாத்துக்கிட்டு நின்னா கால் தானா நகரும்டா. நகந்துட்டா அப்புறம் என் வேலைய நானே நம்பலன்னு அர்த்தம்."

தெருவில் சிலர் வேண்டுமென்றே, "அண்ணே, பிரேக் புடிக்கல, ஓடு ஓடு" என்று கத்துவார்கள். அவர் நிதானமாக டீயை உறிஞ்சுவார். ஒரு நாளும் திரும்பியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வைட்ஃபீல்டிலிருந்து ஒருவன் வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். அவன் அப்பா சர்க்கார் வேலையில் இருந்தபோது வாங்கிப் போட்ட பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, இரண்டே சீட்டு, கூரை கிடையாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் பழைய கார்களின் ஊர்வலம். அதில் ஓட்டியே ஆகவேண்டுமாம்.

நாலு டிரம்மும் போயிருந்தன. அந்த மாடலுக்கு டிரம் எங்கும் கிடைக்காது. ஆகல்ல வழக்கம்போல "ஆகல்ல" என்றார். ஆனால் அன்று ராத்திரிக்குள் அந்தக் கார் அவர் மண்டைக்குள் ஏறிவிட்டது. மறுநாளே தேக்குக் கட்டையில் அச்சு செதுக்க உட்கார்ந்தார். பீன்யாவில் ஒரு ஃபவுண்டரியில் வார்க்கக் கொடுத்தோம். வந்ததை நான் கடைந்தேன்.

மூன்று டிரம் நன்றாக வந்தன. பூஜைக்கு முந்தின நாள் நாலாவதைக் கடையும்போது, சுவரும் சட்டியின் அடியும் சேருகிற மூலையில் ஒரு ஓட்டை தெரிந்தது. வார்க்கும்போது காற்று அடைத்துக்கொண்ட ஓட்டை. அந்த டிரம் தூக்கிப் போட வேண்டியது. ஆனால் ஃபவுண்டரியைப் பூட்டிவிட்டு ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் என் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிடும். வைத்த பிறகு அன்று அதைத் தொடக்கூடாது. கார்க்காரன் வேறு மணிக்கொரு தடவை போன் பண்ணிக்கொண்டிருந்தான்.

இரும்புப் பசையை வைத்து அடைத்தேன். காய்ந்ததும் வழவழவென்று கடைந்து, வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தண்ணீர் பம்புகளுக்கு இதைப் போல நூறு தடவை செய்திருக்கிறேன். டிரம்முக்குச் செய்யக்கூடாது. அது எனக்குத் தெரியும்.

பூஜையன்று காலையில் அவர் நாலையும் மாட்டினார். மத்தியானம் காருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். பிறகு அவர் டீயை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

நான் ஷெட் வாசலில் நின்றேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கார் இறங்கியது. பாதிச் சரிவில் அவன் பிரேக்கை மிதித்தான். சட்டி உடைகிற சத்தம் கேட்டது. பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் குழாய். ஒரு டிரம் உடைந்து ஆயில் கொட்டினால் நாலும் போச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"அண்ணா, பிரேக் போச்சு, விலகுண்ணா" என்று கத்தினேன்.

அவர் டீயை உறிஞ்சினார்.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இடுப்பும் நகர்ந்துவிட்டது. கார்க்காரனுக்கு நெற்றியில் ஒரு கீறல். "இந்தாளுதான் பிரேக் போட்டான்" என்று போலீஸிடம் நூறு தடவை சொன்னான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் கேட்டதற்கு ஆகல்ல, "என் வேலை சார். எழுதிக்குங்க" என்றார். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நான் நினைப்பதைவிட மோசமாக நினைக்க முடியாது.

மூன்றாம் நாள் சொன்னேன்.

"எந்தச் சக்கரம்?" என்றார்.

"முன்னாடி, லெஃப்ட்."

"எவ்ளோ ஆழம்?"

"சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும்ணா."

மேலே ஓடாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தின நாளே சொல்லியிருந்தா அவன் ஊர்வலத்துக்குப் போயிருக்க மாட்டான். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்ணா."

நான் நேரே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். கேஸ், அபராதம் எல்லாம் என் தலைக்கு வந்தது. தெருவில் ஒருத்தனும் என்னிடம் வேலை கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் நியாயம்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு அவர் என் ஷெட்டுக்கு வந்தார். ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டையாகியிருந்தது. பின்னால் ஒரு பையன் உருட்டி வந்த லாரி டிரம்மை வாசலில் போடச் சொன்னார்.

"கடைஞ்சு வை. நான் வந்து பாக்காம வெளிய அனுப்பாத."

அன்றிலிருந்து ஆறு வருஷம் தினமும் வந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் கடைந்த ஒவ்வொரு டிரம்மையும் ஸ்பானரால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். மணி மாதிரி ஒலித்தால் போகலாம் என்று தள்ளி வைப்பார். இல்லாவிட்டால் என் அம்மா அப்பாவைச் சேர்த்துத் திட்டுவார். "உனக்கு வெக்கமா இல்லையாடா, சின்னப் பையன் மாதிரி திட்டு வாங்குறே?" என்று தெருவில் கேட்டார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று டிரம் எதையும் வெளியே விடமாட்டேன். லாரிக்காரன் வாசலில் நின்று கத்துவான். கத்தட்டும்.

இப்போதும் லேத் ஓடுகிறது. ஆனால் டிரம் வேலை எடுப்பதில்லை. தட்டிக் கேட்க ஆள் இல்லை.