லண்டன் வழி போக முடியாதவன்

ஆறு மாதம் சுதந்திரமாக வாழ்வது என்று முடிவு செய்தேன். அறுபத்தோரு வயதில் ஒரு கணவன் இவ்வளவு பெரிய முடிவெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

மகள் சௌமியாவுக்கு டொரண்டோவில் அடுத்த மாதம் பிரசவம். என் மனைவி வைஜெயந்திக்கும் எனக்கும் கனடா விசா வந்தாயிற்று. சென்னை போய், லண்டனில் விமானம் மாறி, டொரண்டோ. போர்ட் பிளேரில் நாங்கள் இருக்கும் ஷாதிபூர் பேட்டை முழுக்க அவள் சொல்லியும் முடித்துவிட்டாள். நான்தான் வேறு கணக்கில் இருந்தேன். அவள் ஆறு மாதம் அங்கே, நான் இங்கே. தினமும் டாக்ஸி ஓட்டும் நண்பன் மார்ட்டினோடு சீட்டு, நினைத்தபோது நண்டு வறுவல்.

யோசித்து யோசித்து ஒரு சொல்லைப் பிடித்தேன். டிரான்சிட் விசா!

"வைஜெயந்தி, சிக்கலாயிடுச்சு. லண்டன்ல பிளேன் மாற தனியா ஒரு விசா வேணுமாம்."

"சும்மா இறங்கி ஏறத்தானேங்க போறோம்?"

"இறங்கவும் விசா, ஏறவும் விசா."

"அப்ப எனக்கும் வேணுமே?"

இங்கேதான் என் மூளை மின்னியது.

"உனக்கு வேண்டாம். நீ தூத்துக்குடியில பொறந்தவ. என் பாஸ்போர்ட்ல பிறந்த ஊர் போர்ட் பிளேர். வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல யாரை இங்க அனுப்பினான்?"

"கைதிகளை."

"அந்த ஊர்க்காரன் திரும்பி வந்தா விடுவானா? எனக்கு விசா குடுக்க ஆறு மாசம் விசாரிப்பானாம்."

"உங்கப்பா ஹார்பர்ல கிளார்க் வேலைக்கு வந்தவருதானேங்க?"

"அது உனக்குத் தெரியும். லண்டனுக்குத் தெரியுமா?"

அவள் என்னையே பார்த்தாள். "பேரப்பிள்ளையை முதல்ல நீங்க தூக்கணும்னு நினைச்சிருந்தேன்" என்றாள்.

நண்டு வறுவலை நினைத்துச் சமாளித்துக்கொண்டேன்.

"என் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு நீ தைரியமா போ."

"சரி. லம்பா லைன் ஆபீஸுக்குப் போயி கௌதம்கிட்ட சொல்லிடறேன்."

கௌதம் எங்கள் டிராவல் ஏஜெண்ட்.

கிளம்பும் நாள் வந்தது. மார்ட்டின் தன் டாக்ஸியோடு வந்தான். கைலியோடு ஏறப்போனேன்.

"பேண்ட் போட்டுட்டு வாங்க. ஏர்போர்ட்ல நாலு பேர் பாப்பாங்க" என்றாள் மனைவி. போட்டேன். வெற்றி பெற்றவன் பெருந்தன்மையாக இருக்கவேண்டும்.

நான் பேண்ட் மாட்டிக்கொண்டு வருவதற்குள் மார்ட்டின் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தான். ஏர்போர்ட்டில் நாலு பெட்டி இறக்கினான்.

"அரே, உனக்கு ரெண்டுதானே?"

"மத்த ரெண்டும் உங்களுது."

"நான்தான் வரலையே!"

"கௌதம்கிட்ட கேட்டேங்க. பாஸ்போர்ட்ல கனடா விசா இருந்தா, அன்னிக்கே பிளேன் மாறிப் போறதுக்கு லண்டன்ல தனி விசா வேண்டாமாம். பொறந்த ஊரைச் சொன்னதும் பாவம், அவருக்குச் சிரிச்சுச் சிரிச்சு புரை ஏறிடுச்சு."

"டிக்கெட்?"

"கேன்சல் பண்ணவே இல்லை."

"என் துணிமணியெல்லாம் எப்படி?"

மார்ட்டின் தலையைச் சொறிந்தான். "நீங்க எங்க வீட்டுல சீட்டாடிட்டு இருந்தப்போ, அண்ணி உங்க வீட்டுல பெட்டி கட்டுனாங்கண்ணே. நான்தான் உங்களை எழுந்திரிக்க விடாம தோத்துக்கிட்டே இருந்தேன்."

துரோகி! மூன்று நாள் என் ஆட்டத்தில் மயங்கிக் கிடந்தேன்.

இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் பிடித்து மகாராணி போல முன்னே நடந்தாள். நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்னே.

"சரி, அங்க எனக்கு என்ன வேலை?" என்றேன்.

"சௌமியாவே பிரிச்சுட்டா. பகல்ல பிள்ளையை நான் பாத்துப்பேன். ராத்திரியில நீங்க."

பாதிக்குப் பாதி, நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

டொரண்டோவில் டிசம்பர் மாதத்து ராத்திரி பதினைந்து மணி நேரம் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.