படுக்கை வண்டிக்குக் கட்டிய தளம்

கிரேன் ஓட்டுகிறவனிடம் வீட்டு வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நானே சொல்கிறேன், நானே கிரேன் டிரைவர்.

எழுபதுகளில் துறைமுகத்தில் எனக்கு வேலை. ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரு சந்தின் கடைசியில் வீடு. நான், என் மனைவி லில்லி, பிள்ளைகள், அவளுடைய அப்பா. மாமாவும் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் கீழே நின்றிருந்தபோது கயிறு அறுந்து சரக்கு இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரால் உட்கார முடியாது, படுக்கைதான். (வாய் மட்டும் எழுந்து பேட்டையைச் சுற்றி வரும்.)

லில்லிக்கு ஒரே ஆசை, கன்னியாகுமரி பார்க்க வேண்டும். நம்ம ராயபுரத்திலும் சூரியன் கடலில்தானே உதிக்கிறது என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். இங்கே உதிப்பது மட்டும்தான் கடலில், சாய்வது ரயில்வே யார்டுக்குப் பின்னால். அங்கே இரண்டும் கடலிலேயே என்பாள். ஆனால் மாமாவை ரயிலில் உட்கார வைத்துக் கூட்டிப்போக முடியாது. அவரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. வாய்விட்டுக் குறைப்பட்டதும் இல்லை. காலண்டரிலிருந்து கிழித்த கன்னியாகுமரிப் படத்தைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் என் தோஸ்து காதர் பாய் வந்தார். வண்ணாரப்பேட்டையில் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்புகிறாராம். அவரிடம் ஒரு வேன் இருக்கிறதாம். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட.

"வண்டி இல்ல மாமு, வூடு. மாமா படுத்துகினே கன்னியாகுமரி போலாம்" என்றார் பாய்.

லில்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. வண்டி ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லாரியையே அந்தரத்தில் தூக்கி வைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்ற திமிர் அப்போது எனக்கு.

எஞ்சினியர் விலையைப் பெரிதாகப் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த வண்டியை அவர் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். தெருவில் நிறுத்தி வெயிலிலும் மழையிலும் வீணாக்குகிறவனுக்குத் தரமாட்டார். வீட்டுக்குள் நல்ல தளம் போட்டிருக்க வேண்டும். அவரே வண்டியை ஓட்டிவந்து பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பார்.

தளம்தானே என்றேன் நான்.

எண்ணூருக்குப் போய் வண்டியைக் கயிறு பிடித்து அளந்தேன். நீளம், அகலம், சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி, எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு முன்னால் இருந்த முற்றம் சொல்லி வைத்தாற்போல் சரியாக இருந்தது. குறுக்கே நின்ற முருங்கை மரத்தை வெட்டச் சொன்னவளே லில்லிதான். கொத்தனாருக்குச் சொல்லவில்லை. என்கூட வேலை பார்த்தவர்களே ஷிப்ட் முடிந்து வந்தார்கள். மண்ணைத் தோண்டி, செங்கல் ஜல்லி கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, மேலே கான்கிரீட் போட்டோம். மாமா ஜன்னலோரம் படுத்தபடி ஒவ்வொரு கூடைக்கும் ஒரு திட்டு திட்டினார். கனம் போதாது என்று அவர் சொன்னதால் இன்னும் ஒரு வரிசை கம்பி கட்டினோம். மழைத் தண்ணீர் நிற்காமலிருக்க வாட்டம் வைத்தோம். திருட்டுப் பயத்துக்கு முன்சுவரை ஆளுயரத்துக்கு ஏற்றினோம். சுவரில் ஏற்கெனவே இருந்த மரக்கதவு அப்படியே இருந்தது, ஒரு ஆள் நுழைகிற கதவு.

தளம் காய்கிறவரை லில்லி சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். என் ஆயுளில் வேறு எந்த வேலையையும் அவ்வளவு ஆசையாக நான் செய்ததில்லை.

வண்டி வாங்கினால் மந்திரிப்பது எங்கள் வழக்கம். நான் அவசரக்குடுக்கை, தளத்தையே முதலில் மந்திரிக்க ஏற்பாடு செய்தேன். சந்து குறுகல் என்று சைக்கிளை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பங்குச் சாமியார் நடந்து வந்தார். வெறும் தளத்தில் தீர்த்தம் தெளித்தார். கூட்டமாக நின்று ஆமென் சொன்னோம். அப்போதும் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டி வருவதாக ஏற்பாடு. லில்லி கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். மாமாவுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கட்டிலோடு தூக்கிவந்து தளத்தோரம் போட்டோம். தலையணை, போர்வை, மண்ணெண்ணெய்க் கேன், புளிச்சோறு எல்லாம் மூட்டையாகக் கதவருகே தயாராக இருந்தன. மெயின் ரோட்டில் ஹார்ன் கேட்டது. காத்திருந்தோம். மறுபடியும் கேட்டது. அதே இடத்திலிருந்து.

போய்ப் பார்த்தேன். சந்தின் வாயில், மளிகைக் கடைச் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே, வண்டி மூக்கை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள் ரிக்‌ஷாவே முனகிக்கொண்டு வருகிற சந்து அது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாந்து பார்த்தேன். கையையும் உயர்த்திவிட்டேன், மேலே தூக்கச் சொல்கிற சைகை. இத்தனை வருஷமாக எனக்கு எந்தச் சாமானும் வழியோடு வந்ததில்லை. மேலிருந்து வரும், இறங்குகிற இடம் சரியாக இருந்தால் போதும். தளம் போட்ட அத்தனை பேரும் துறைமுகத்து ஆட்கள். மேற்பார்வை பார்த்த மாமாவும் கிரேன்காரர். இது வீட்டுக்குள் வர ஒரு வழி வேண்டுமே என்று எங்களில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சினியர் மட்டும் இறங்கி என்னோடு நடந்து வந்தார். மரக்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து தளத்தின் மேல் நின்றார். காலால் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்ல தளத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சிரித்திருந்தாலாவது தேவலை.

மாமா கட்டிலில் கிடந்தபடியே, "பேஜாராப் பூட்சே மாப்ள" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராதது அன்றுதான் முதல் தடவை.

லில்லி அழவில்லை. வண்டியின் உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். சந்து முனை வரை நடந்துபோய், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். குழாயைத் திருகினாள், மூடினாள். திரைச்சீலையை இழுத்துப் பார்த்தாள். கட்டிலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கையை விரித்துக் கட்டிலைச் சாண் சாணாக அளந்தாள்.

"அப்பாவுக்கு கால் நீட்டப் பத்தும்ங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வண்டி பின்வாங்கிப் போயே போய்விட்டது. யார் வாங்கினார்கள் என்று பாயிடம் நான் கேட்கவில்லை. தளம் நின்றது, கல்லுக்குண்டு மாதிரி. பேட்டையின் கருவாடும் வடகமும் அதில்தான் காய்ந்தன. சாயங்காலமானால் மாமாவின் கட்டிலை அங்கே போடுவோம். கடைசி வரை அவர் அங்கேதான் காற்று வாங்கினார்.

அவர் போன பிறகு லில்லியை ரயிலில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். விடியற்காலையில் ஊரே கடலைப் பார்த்து நிற்கிறது. சூரியன் மேலே வருகிறது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் பார்த்தால் இவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே டூரிஸ்ட் பஸ்கள் நிற்கிற பெரிய வெட்டவெளி, பாதிக்குமேல் காலி.

"வண்டி நிறுத்த எவ்ளோ எடம் கீது பாருங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓடுகிறது. எந்த ஊரில் எந்தக் காலி மைதானத்தைப் பார்த்தாலும் பேரப்பிள்ளைகள் அவள் குரலிலேயே சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள், லில்லியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அதற்குள் வர வழி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வேன்.