மல்லிகா அண்ணி இறந்த ஞாயிற்றுக்கிழமை

மாலை நான்கு பத்து. பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே முதலில் தெரிந்தவை இரண்டு கால்கள். வலது கால் கட்டைவிரலில் மஞ்சள் கறை படிந்த துணிக்கட்டு. அன்று காலை அந்தக் கட்டைப் போட்டுவிட்டவன் நான்தான். பெரியப்பாவின் கால்கள்.

2003ஆம் ஆண்டு. எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பெரம்பலூரில் பகுதிநேர நிருபர் (சம்பளம் கிடையாது, வண்டியில் ‘பிரஸ்’ என்று எழுதிக்கொள்ளலாம்). யாருக்கும் அஞ்சாத பேனா என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் பேனா ஒளிய இடம் தேடியது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது தனசேகர் அண்ணனின் புத்தகக் கடை. முன்பக்கம் பத்தாம் வகுப்பு நோட்ஸ், கோலப் புத்தகம். திரைக்குப் பின்னால் ஓர் அலமாரி. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் பற்றிச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் சிற்றிதழ்கள், ஜெராக்ஸ் எடுத்த கதைகள் எல்லாம் அதில் இருக்கும். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எங்களைப் போன்ற ஏழெட்டு ஆண்கள் அங்கே கூடுவோம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. ஊரில் வாரம் முழுக்க நடித்துவிட்டு, நடிக்காமல் உட்கார எங்களுக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

வெளியே தெரிந்தால் போலீஸ் வரலாம். சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. எனக்கு போலீஸைவிடப் பெரியப்பாவிடம்தான் பயம். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. அவருக்குத் தெரிந்தால் அன்றோடு வீடு கிடையாது, அம்மா கிடையாது.

எங்கள் ஊரான செட்டிகுளத்திலிருந்து வெங்காய வியாபாரியைப் பார்க்க வந்தவர் சந்தில் என் வண்டியைக் கவனித்திருக்கிறார். குனிந்து உள்ளே வந்தார். வாசலில் செருப்புக் குவியல். பாதி ஷட்டர். தரையில் எட்டு ஆண்கள், ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த ரபீக் மட்டும் விசும்பிக்கொண்டிருந்தான் (வாசித்த கதையில் இருவரும் பிரிந்துவிட்டார்கள்).

பெரியப்பா தோள் துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் ஆண்கள் அப்படிக் கை நீட்டுவார்கள்.

“எப்படா ஆச்சு?” என்றார் தணிந்த குரலில்.

‘என்ன ஆச்சு?’ என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நிருபர் சொன்னது: “காலையில பெரியப்பா.”

“யாரு?”

“அண்ணனோட சம்சாரம்.”

தனசேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதுவரை கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்து வந்த மனிதர். ஒரே மூச்சில் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்து, அந்தப் பெண்ணையும் கொன்றுவிட்டேன்.

“கல்யாணம் ஆனவருன்னே தெரியாதேப்பா. பேரு என்ன?”

“மல்லிகா” என்றேன். அதே நொடியில் ரபீக், “சாந்திங்க” என்றான்.

“மல்லிகாதான் பெரியப்பா. வூட்ல சாந்தின்னு கூப்புடுவாங்க.”

“என்ன ஒடம்புக்கு?”

“மஞ்சக்காமாலைங்க” என்றான் ரபீக்.

“எடுத்தாச்சா?”

“ஆச்சு” என்றேன்.

“காலையில போனவங்கள அதுக்குள்ள எடுத்தாச்சா? எந்த ஊரு வழக்கம்டா இது?”

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரபீக்தான் காப்பாற்றினான். “ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அண்ணனுக்கு வூட்ல இருப்புக் கொள்ளல. அதான் நாங்க இங்க கூட்டியாந்துட்டோம்.”

பெரியப்பா தலையாட்டினார். கிளம்புவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். புழுக்கத்துக்குத் தரையில் கிடந்த சிற்றிதழ் ஒன்றை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். அட்டையிலிருந்த இரண்டு மீசைக்காரர்கள், கன்னத்தோடு கன்னம் வைத்தபடி, எங்களை நோக்கி வந்தும் போயும் கொண்டிருந்தார்கள். எட்டு பேரின் கண்களும் அவர்களோடு சேர்ந்து போய்வந்தன. அவர் ஒருமுறை கையைத் திருப்பினால் போதும், எல்லாம் முடிந்தது.

“எத்தன வருஷம் ஒண்ணா இருந்தீங்க தம்பி?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அதற்கும் ஒரு பொய் தேடி நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே பேசினார். “ஒம்போது வருஷம்.”

“கடைசியா மொகம் பாத்தீங்களா?”

“இல்லைங்க. அவங்க வூட்டுல விடல. தெருமுனையில நின்னேன்.”

“மாமனார் வூட்டுத் தகராறா?”

அண்ணன் ஆமாம் என்று தலையசைத்தார்.

அவர் பேசியது மல்லிகாவைப் பற்றி அல்ல என்று எங்களுக்குத் தெரியும். அண்ணனின் செல்வத்தைப் பற்றி. சிமென்ட் லாரி ஓட்டியவர், அதற்கு முந்தைய ஆடியில் அரியலூர் சாலையில் விபத்தில் இறந்தவர். அன்றுகூட அண்ணன் எங்கள் முன்னால் அழுததில்லை. இப்போது உடைந்தார். பெரியப்பா சிற்றிதழைக் கீழே போட்டுவிட்டு (நல்லவேளை, கவிழ்ந்து விழுந்தது) அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“அழுதுடுங்க தம்பி. ஆம்பளன்னா அழக் கூடாதுன்னு எவன் சொன்னான்?”

கிளம்பும்போது, துக்க வீட்டு வழக்கப்படி, போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுப்போட்ட விரல் சந்து திரும்பும்வரை நாங்கள் யாரும் இடத்தைவிட்டு எழவில்லை.

வீட்டில் அவர் இதை அம்மாவிடம் சொன்ன விதம்: “ஒருத்தன் பொண்டாட்டி செத்ததுக்கு எட்டு ஆம்பளைங்க ஒக்காந்திருக்கானுங்க. நம்ம பய மொகத்தப் பாக்கணுமே, வேர்த்து ஊத்துது!” இன்றுவரை உறவில் எங்கே சாவு விழுந்தாலும் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். “அடுத்தவன் பொண்டாட்டிக்கே அப்படி உருகினவன், அவன முன்னாடி ஒக்கார வைங்கடா” என்பார்கள். கூட்டமே சிரிக்கும், பிணத்தின் எதிரிலேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறாம் நாள் காலை பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனார். “மாமனார் வூட்டுல செய்ய மாட்டானுங்க” என்று சொல்லி, துக்கம் கழிக்க அவர்கள் எடுத்துத் தரவேண்டிய புது வேட்டியையும் துண்டையும் தானே அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் திரைக்குப் பின்னால் போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தார்.