மூணுக்குக் கீழே பட்டினி

கோயம்புத்தூரில் எதிரே வருகிறவரை "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காமல் "எத்தனை கிலோ இருக்கீங்க?" என்று கேட்ட ஒரே ஜீவன் எங்கள் மூணுதான். பதில் கிடைத்தாலும் விடமாட்டான். ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை கண்ணாலேயே ஒரு தடவை அளப்பான். பிறகு செல்போனை எடுத்து ஏதோ கணக்குத் தட்டிவிட்டு, டாக்டர் கெட்ட சேதி சொல்வது போலக் குரலைத் தாழ்த்துவான். "நீங்க மூணுக்குக் கீழேங்க. சத்தாச் சாப்பிடோணும்." பால்காரர், பஸ் கண்டக்டர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்த அம்மணி, ஒருத்தரையும் அவன் விட்டு வைக்கவில்லை. அந்த அம்மணி அப்புறம் எங்கள் லாட்ஜுக்கு ரீடிங் எடுக்க வரும்போதெல்லாம், அவன் ரூமில் இருக்கிறானா என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அப்பா அம்மா வைத்த பேர் அவனுக்கும் ஒன்று இருந்திருக்கும். லாட்ஜில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகன். அவன் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவன் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவான். ஆனால் ஒரே பக்கெட்டில் மூன்று வருஷம் குளித்தவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கவும்.

ஆராய்ச்சி என்றால் நிலாவுக்கு ராக்கெட் விடுவதில்லை. பவானி ஆற்றுக் கெண்டையின் நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவு. அவ்வளவுதான். இதைக் கேட்டு நான் சிரித்த முதல் நாளே என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டான்.

"ஏனுங்க, ஒரு மீனு நீளத்துல ரெண்டு மடங்கு ஆகுதுன்னு வெச்சுக்குங்க. அகலமும் ரெண்டு மடங்கு ஆகோணும், தடிமனும் ரெண்டு மடங்கு ஆகோணும். ரெண்டை மூணு தடவை பெருக்குங்க. எட்டு. அப்ப எடை எட்டு மடங்கு ஏறோணுமுங்க. அந்த மூணுதான் கணக்கு. மூணுக்கு மேல போச்சுன்னா, ஆத்துல தீனி நல்லா இருக்குது, மீனு கொளுத்துட்டு வருதுன்னு அர்த்தம். மூணுக்குக் கீழே போச்சுன்னா?"

"போச்சுன்னா?"

"பட்டினிங்க."

அன்றிலிருந்து அவன் மூணு. அவனுக்கே அந்தப் பேர் பிடித்துப் போயிற்று. கடைசியில் அவனுடைய அம்மாவே லாட்ஜுக்குப் போன் செய்து "மூணு இருக்குதுங்களா?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஞாயிறு விட்டு ஞாயிறு விடியற்காலையில் ஒரு ஐஸ் பெட்டியோடு கோபிசெட்டிபாளையம் பஸ் ஏறுவான். கோபிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ராசாத்தியக்கா என்று ஒருவர். அவர் வீட்டுக்காரர் பரிசலில் போய் வலை போடுவார், அக்கா கரையில் உட்கார்ந்து விற்பார். அங்கே கெண்டை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் ரூமுக்கு வந்துவிடுவான். பிறகு தரையில் நியூஸ்பேப்பர் விரித்து, என் பட்டறை வெர்னியர் அளவுகோலை என்னைக் கேட்காமல் எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒவ்வொன்றாக அளப்பான். தராசில் வைப்பான். நான் நோட்டில் எழுத வேண்டும். மறுநாள் பட்டறையில் அந்த வெர்னியரை எடுத்தால், மேஸ்திரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார்கள்.

லாட்ஜில் பாதிப் பேர் சைவம். நாற்றம் தாங்காமல் ஓனரே ஒரு நாள் மாடியேறி வந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக இருந்தாலும் மரியாதை குறையாது. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. சாப்ட்டீங்களா? சாப்ட்டுப்போட்டு நிதானமா ரூமைக் காலி பண்ணிப்போடுங்க கண்ணு" என்றார். மூணு நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "எத்தனை கிலோங்க இருப்பீங்க?" என்றான். ஓனருக்கு அப்போதுதான் சர்க்கரை வியாதி என்று சொல்லியிருந்தார்கள். மனிதர் பயந்துகொண்டிருந்த நேரம். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆலோசனை நடந்தது. காலி செய்யும் பேச்சு அத்தோடு போயிற்று. அவர் மட்டும் மாதம் ஒரு தடவை எடை பார்த்துக்கொள்ள மேலே வந்து போவார், மீன் தராசு பத்தாது என்று தெரிந்தும்.

இதே வித்தையைக் காங்கேயத்தில் காட்டப்போய்த்தான் அவன் கல்யாணம் கெட்டது. பெண் பார்க்கப் போனது தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த வீடு. பெண்ணுக்கு இவனைப் பிடித்துவிட்டது, அது ஒன்றும் இவன் திறமை இல்லை, அதுவரை வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா பேச்சுக்கு, "மாப்பிள்ளைக்கு என்னங்க ஆராய்ச்சி?" என்று கேட்டுத் தொலைத்தார். மூணு விளக்கினான். உதாரணம் வேண்டுமே? எதிரில் ஆசாமி இருக்கிறார். "இப்ப உங்களையே எடுத்துக்குங்க மாமா. நீளத்துல வளர்றதை நிறுத்தி நாப்பது வருசம் ஆச்சு. எடையில மட்டும் இன்னும் வளந்துட்டே இருக்கீங்க." சபையில் பஜ்ஜி கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர்கள் அப்போதும் மரியாதையைக் குறைக்கவில்லை. இலை போட்டுச் சாப்பிட வைத்தார்கள். காரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார்கள். தரகர்தான் மறுநாள் போனில், "இனிமே அந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்காதீங்க" என்று சொன்னார்.

இத்தனை கோமாளித்தனத்துக்கும் நடுவே அவன் கெண்டைகள் நன்றாகவே ஒத்துழைத்தன. இரண்டு வருஷ அளவையும் போட்டுப் பார்த்ததில் மூணுக்கு மேலே! பவானிக் கெண்டை கொழுகொழு. லாட்ஜ் முழுக்க லட்டு கொடுத்தான். அந்த ஜூனுக்குள் பட்டம் கைக்கு வந்துவிட்டால், ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. அங்கே துறைத் தலைவர் ரூமில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம். கடைசியாக ஒரே ஒரு பெட்டி மீன் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து இவனுக்குக் காய்ச்சல். ஐஸ் பெட்டி என் தலையில் விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் வலையைக் கரையில் உதறியிருந்தார்கள். ராசாத்தியக்கா என்னைக் கவனிக்கவில்லை. கெண்டையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உருண்டு திரண்டது ஈரச்சாக்கு மூடிய வாளிக்குள் போயிற்று. நீளமாக, ஒட்டிப்போன வயிறோடு இருந்தது பின்னால் இருந்த கூடைக்குள் போயிற்று. கூடைதான் சீக்கிரம் நிரம்பியது.

"அதென்னுங்க அக்கா, வாளியில?"

"அட வாங்க தம்பி! அது நம்ம மீனு சாருக்குங்க. எப்பவும் தனியாப் பொறுக்கி வெச்சுப்போடுவனுங்க."

ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் பட்டறையில் செய்கிற வேலையே இதுதான். வார்ப்புப் பட்டறைக்காரர்கள் நல்ல காஸ்டிங்கையெல்லாம் மேல் தட்டில் அடுக்கி அனுப்புவார்கள். நான் அடித்தட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன், அளந்து முடித்த கெண்டையை எல்லாம் பக்கத்து மெஸ்ஸில் வறுக்கக் கொடுத்து, இரண்டு வருஷம் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறேன். ஒரு மெலிந்த மீன்கூட வரவில்லையே என்று ஒரு நாளாவது தோன்றியதா? தின்கிற வாய்க்கு எங்கே தோன்றும்!

"எளச்சதும் அவருக்கு வேணுமே அக்கா. எல்லாம் கலந்துதானே குடுக்கோணும்?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "என்னங்க தம்பி இப்படிக் கேக்கறீங்க? அத்தாந்தொலைவு பஸ் ஏறி நம்ம ஆத்து மீனைப் படிக்கோணும்னு வாராரு. அவருகிட்டப் போயி எளச்சதைக் காட்டறதுங்களா? ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட நம்ம கஷ்டத்தக் காட்டுவமுங்களா? ஆத்துக்குத்தானுங்களே கேவலம்."

திரும்பும் பஸ்ஸில் அந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த யோசனை ரொம்ப நல்ல யோசனை. சொல்லாமல் விட்டுவிடலாம். மூன்று வாரம், பட்டம், வேலை. கெண்டையா வந்து கேஸ் போடப் போகிறது? ரூமுக்கு வந்தேன். அவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எப்படிங்க இருக்குது நம்மாளுக?" என்று கேட்டான். பெற்ற பிள்ளையை விசாரிப்பது போலக் கேட்டான். என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

கத்துவான் என்று பார்த்தேன். நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெல்லப் புரட்டினான். "அத்தனையும் பொறுக்குனதுங்களா?" என்றான் ஒரு தடவை. அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஆற்றங்கரைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மீனை அவர் சந்திப்பதெல்லாம் கருத்தரங்குகளின் மதியச் சாப்பாட்டில். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் அசரவில்லை. "யாருக்கய்யா தெரியப்போவுது? பைண்டு பண்ணிக் குடுத்துப்போட்டுப் போ" என்றார். மூணு கொடுக்கவில்லை. அந்த நோட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு இன்னொரு வருஷம் கேட்டு எழுதிக்கொடுத்தான். ஜூன் வந்தது. அந்த வேலைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தார். 'பைத்தியக்காரா' என்று நான் திட்டிய திட்டு லாட்ஜ் முழுக்கக் கேட்டது.

இதில் இன்னொரு கூத்து. நடந்த எதுவும் ராசாத்தியக்காவுக்குத் தெரியக்கூடாதாம். "அக்கா என்னங்க தப்புப் பண்ணுனாங்க? வந்தவனுக்கு நல்லதா எடுத்து வெச்சாங்க. கேக்காம வாங்குனது நானுங்க" என்றான். அவரிடம் போய், படிப்பில் இன்னொரு வருஷம் பாக்கி இருப்பதாகவும், இந்தத் தடவை வலையில் வருவது அத்தனையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். வலையை உதறும்போது பரிசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். நான் நோட்டும் கையுமாகக் கூட இருப்பேன். வேறு யார் போவார்கள்? மெலிந்த மீன் விழும்போதெல்லாம் அக்கா சட்டென்று அதைக் கையால் மூடுவார். "அதைப் பாக்காதீங்க சாரு." இவன் அந்தக் கையை மெதுவாக விலக்கி மீனை எடுத்து, "எளச்சிருந்தாலும் கண்ணு நல்லாத் தெளிவா இருக்குதுங்க அக்கா" என்று ஆறுதல் சொல்வான். காங்கேயத்தில் இந்த நாக்கு எங்கே போயிருந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷம் முடிந்தது. கணக்கைப் போட்டான். மூணுக்குக் கீழே. நன்றாகவே கீழே. லட்டு இல்லை.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற முறையில் நடப்பது. யாரும் வரமாட்டார்கள், வருகிறவர்களும் கேசரி வடைக்குத்தான் வருவார்கள். மூணு ராசாத்தியக்காவை அழைத்திருந்தான். அவர் பட்டுச்சேலை கட்டி, பெரிய தூக்குப்போசி நிறையக் கெண்டை வறுவலோடு பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பேச்செல்லாம் இங்கிலீஷ், அக்காவுக்குப் புரியாது. முதல் இரண்டு வருஷ அளவுகளை எதற்காக நீக்கினாய் என்று கேட்டார்.

மீன் விற்றவர் பொறுக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். ஏட்டிலேயே அப்படி எழுதச் சொல்லிப் பேராசிரியர் தலைப்பாடாக அடித்துக்கொண்டவர்தான். மூணு கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தான். "என் கவனக்குறைவு சார்" என்றான். பிடித்துக்கொண்டார் தேர்வாளர். மாதிரி எடுக்கத் தெரியாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு, இரண்டு வருஷத்தை வீணாக்கினவன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பான் என்று ஐந்து நிமிஷம் விளாசினார். பேராசிரியர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றான்.

அக்கா என் கையைத் தொட்டார். "ஏனுங்க தம்பி, என்னங்க சொல்றாரு அவுரு?"

"நம்ம மூணைப் பாராட்டறாருங்க அக்கா."

"பாராட்டறப்ப எதுக்குங்க தம்பி தலையக் குனிஞ்சுட்டு நிக்கறாரு?"

"கூச்சமுங்க அக்கா. சின்ன வயசுல இருந்தே ரொம்பக் கூச்ச சுபாவம்."

அக்கா அதை நம்பி, தூக்குப்போசியை மடியில் அணைத்துக்கொண்டு சிரித்தார். வருஷக்கணக்கில் அவனைக் கேலி செய்தே பொழுது போக்கியவன் நான். அன்றைக்கு அந்தக் கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவன் என் சிநேகிதன் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது.