வட்டிலப்பத்தின் மேல் படுத்து ஒரு வாக்குமூலம்

மன்னார்த் தீவில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பொலிசில் சொல்லலாம். அரசாங்கக் கந்தோரில் எழுதியே கொடுக்கலாம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால் மனைவியிடம்கூடச் சொல்லிவிடலாம். மீற்றர் நானாவிடம் மட்டும் முடியாது.

நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. டொக்டர்மார் குழாய் மாட்டியிருப்பதுபோல, வோல்ட் அளக்கும் மீற்றர் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தலைமன்னார் வீதியோரத் தகரக் கொட்டிலில் பற்றரி பார்ப்பது தொழில். பார்ப்பது என்றால் விசாரிப்பது. எந்தப் பற்றரியும் தானாகச் சாவதில்லை, யாரோ கொன்றிருக்கிறார்கள் என்பது அவர் கொள்கை. கொலையாளி பிடிபட்ட பிறகுதான் வைத்தியம்.

ஒருமுறை முருங்கனிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறிச் சாரதி, "லைற் ஒண்டும் போட்டு விடேல்ல நானா, சத்தியமா!" என்றான். நானா மீற்றர் வயரைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்து அவன் முகத்தையே பார்த்தார். கால் மணி நேரத்தில் அவன் லைற்றைப் போட்டுவிட்டுத் தூங்கியதை ஒப்புக்கொண்டான். அதோடு நின்றானா? தம்பியின் சைக்கிளை விற்றுவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொன்னதையும் கக்கிவிட்டுத்தான் லொறியில் ஏறினான்.

நாள் முழுக்க வாகனங்களோடு கிடக்கும் அந்த மனிதர் எந்த வாகனத்திலும் ஏறமாட்டார். எங்கே போனாலும் சைக்கிள்தான். கேட்டால், "அதுகளிட வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் ஏறுவானா?" என்பார்.

இனி என் மானம் போன கதை.

போன வருடம் என் தங்கச்சி மகன் றிஸ்விக்கு நிக்காஹ். மாப்பிள்ளை எருக்கலம்பிட்டி, பெண் தீவுக்குள்ளேயே தாராபுரம். மாப்பிள்ளைக்கு வான் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தது. "என்ட ஹைபிரிட் கார் நிக்கேக்குள்ள வானா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தால் வயிறும் சேர்ந்து நிமிரும்.

பின்னேர அசர் தொழுகை முடிந்த கையோடு நிக்காஹ். மௌலவிக்கு அந்தி மஃரிபுக்கு முன் வேறோர் ஊரில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. நாங்கள் பிந்தினால் அவர் எழும்பிப் போய்விடுவார், கலியாணம் அடுத்த நாளைக்குத் தள்ளும். போதாக்குறைக்குப் பெண்ணின் வாப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்ரர். பிந்தி வருகிறவன் மனிதனே இல்லை என்பது அவர் கணக்கு.

மூன்று மணி. எங்கள் குறுகலான ஒழுங்கையின் வாயில் என் கார் நின்றது. பின்னால் பெண்களை ஏற்றிய வான்கள் மூன்று. இரண்டு பக்கமும் மதில். றிஸ்வி கோட்டும் தொப்பியுமாகப் பின்சீட்டில் ஏறினான். நான் பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமத்தினேன். வழக்கமாக 'ரெடி' என்று ஒரு பச்சை எழுத்து வரும். அன்று சிவப்பு, மஞ்சள் என்று காரில் இருந்த அத்தனை விளக்கும் கந்தூரித் திருவிழா இரவு போல ஒரேயடியாக எரிந்தன. உள்ளே எங்கேயோ டக், டக், டக். பிறகு எல்லாம் இருட்டு.

"மாமா, இது கலியாணத்துக்கெண்டு செய்த டிசைனா?" என்றான் றிஸ்வி.

ஹைபிரிட் காரில் பற்றரி இரண்டு. காரை ஓட்டுகிற பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியதன் விலைக்குத் தாராபுரத்தில் இன்னொரு கலியாணமே செய்து முடிக்கலாம். எனக்கு அந்தப் பெரியதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"பெரிய பற்றரி போயிட்டுது! கரண்ட் பாயும்! எல்லாரும் தள்ளி நில்லுங்கோ, வெடிக்கும்!" என்று கத்தினேன். மூன்று வான்களிலும் ஒரே கூக்குரல். தள்ளிவிடலாம் என்று பார்த்தால் கியர் அசையவில்லை. அதுவும் கரண்டில்தான் அசையுமாம். பின்னால் நின்ற வான்கள் மூன்றும் சிறைப்பட்டன. யாரோ மீற்றர் நானாவுக்குப் போன் எடுத்தார்கள்.

"இஞ்ச பாருங்கோ, டிக்கிக்குள்ள வட்டிலப்பம்!" என்று தலையில் கைவைத்தாள் என் மனைவி.

பொம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோக, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் எட்டுத் தட்டு இருந்தது. டிக்கியும் கரண்டில்தான் திறக்கும். நான் வீரனானேன். பின்சீட்டில் ஏறி, சீட்டின் மேலால் டிக்கிக்குள் பாய்ந்தேன். தலை போனது, கைகள் போயின, பாதி வயிறும் போனது. மீதி வயிறு போக மறுத்தது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. கன்னம் வட்டிலப்பத்தில், கால்கள் மாப்பிள்ளையின் மடியில்.

அந்தக் கோலத்தில் கிடக்கும்போதுதான் சைக்கிள் மணி கேட்டது. பின் கண்ணாடியில் மீற்றர் நானாவின் முகம் தெரிந்தது. சைக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டிய ஒரு பற்றரி.

"உள்ளுக்க ஆர் கிடக்கிறது?"

"நான்தான் நானா!"

"காரைப் பாக்கவா, உங்களைப் பாக்கவா?"

"பெரிய பற்றரி செத்துட்டுது நானா!"

"செத்த மையத்தை ஆர் பாத்தது?" என்றார் நிதானமாக. "பெரிசு யானை. சின்னது பாகன். பாகன் எழும்பேல்லயெண்டா யானை என்னெண்டு எழும்பும்? முதல்ல பாகனைப் பாப்பம். உங்கட கைக்குப் பக்கத்தில, மூலையில மூடியொண்டு இருக்கு, கழட்டுங்கோ. அசையாதீங்கோ, நீங்கள் கிடக்கிற இடம் நல்ல வசதி."

மீற்றர் றிஸ்வி வழியாக என் வயிற்றைத் தாண்டி வந்து சேர்ந்தது. சிவப்பு முனையில் சிவப்பு வயரைப் பிடித்தேன், கறுப்பில் கறுப்பு.

"என்ன காட்டுது?"

"பதினொண்டு தசம் எட்டு!"

"பன்னிரண்டரையாவது இருக்கோணும். மதினி, நீங்கள் பொத்தானை அமத்துங்கோ."

முன்சீட்டில் ஏறி என் மனைவி அமத்தினாள்.

"ஒம்பது! எட்டு! நானா, ஏழரை! போகுது, போகுது!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவ்வளவுதான். வேலை சொன்ன உடனே படுத்துட்டார். சின்னவர்தான் நோயாளி. பெரிசுக்கு ஒண்டுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"நில்லுங்கோ. கொலைகாரன் ஆர்?"

"எனக்குத் தெரியாது நானா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண், இந்தப் பக்கம் வட்டிலப்பம் பூசிய என் கன்னம். பள்ளியில் அசருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. என் காலடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல்: "மாமா, என்னெண்டாலும் ஒத்துக்கொள்ளுங்கோ! என்ட கலியாணம்!"

"பின்னேரத்தில... கொஞ்சம் பாட்டுக் கேக்கிறனான்."

"கார் ரெடியில நிக்கேக்குள்ளயா?"

"இல்ல. ரெடியில விட்டா இடைக்கிடை இன்ஜின் இரையும். வீட்டுக்குக் கேக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்... மூண்டு."

"ஒவ்வொரு நாளுமா?"

"வெள்ளிக்கிழமையில இல்ல."

முன்சீட்டிலிருந்து மனைவியின் குரல் மெதுவாக வந்தது. மெதுவாக வந்தபடியால்தான் பயந்தேன். "பள்ளிக் கமிட்டிக் கூட்டம் எண்டு போறது இதுக்குத்தானா?"

மூன்று வான்களிலும் சிரிப்பு வெடித்தது. நான் சொன்னபடி அன்று வெடித்தது அது ஒன்றுதான்.

நானா முன் பொன்னற்றைத் திறந்து, சின்னதுக்குப் போகும் முனையில் கொண்டுவந்த பற்றரியை வயரால் தொடுத்தார். "ரெடி எழுத்து வராமப் பாட்டுக் கேட்டா பாகன்ட சோத்தை நீங்கள் தின்னுறீங்கள். மாதக்கணக்காப் பட்டினி போட்டு ஆளைக் கிழவனாக்கிப் போட்டீங்கள். மதினி, இப்ப அமத்துங்கோ."

பச்சை எழுத்து வந்தது. டிக்கி வாய் திறந்து என்னையும் ஏழரைத் தட்டு வட்டிலப்பத்தையும் வெளியே விட்டது. நானா மறுபடி அளந்தார். "பதினாலு. யானை இப்ப பாகனுக்குச் சோறு குடுக்குது. தாராபுரத்தில நிப்பாட்டிப் போடாதீங்கோ, பிறகு எழும்பாது. நாளைக்குப் புதுசு போடுவம்."

"நீங்களும் ஏறுங்கோ நானா, சாப்பாட்டுக்கு," என்றான் றிஸ்வி.

"ஏறமாட்டன். நீங்கள் போங்கோ, வாறன். வழியில கழுதையள் நிக்கும், பாத்து."

காரை மனைவிதான் ஓட்டினாள். சாவியைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மௌலவி ஒரு காலில் செருப்பைப் போட்டிருந்த நேரத்தில் போய் இறங்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார். நிக்காஹ் முடிந்தது. காரை நிறுத்தக்கூடாதே, காவலுக்கு மனைவி காருக்குள்ளேயே இருந்தாள். போய் எட்டிப் பார்த்தேன். என் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

சாப்பாடு வந்தது. எங்கள் கலியாணங்களில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது வழக்கம். சஹன் என்போம். மாப்பிள்ளையின் சஹனில் ஐந்து பேர் இருந்தோம். புரியாணியின் ஆவி முகத்தில் அடித்தது. றிஸ்வி கை வைக்கவில்லை.

"ஆறப் போகுது மாப்பிள்ளை," என்றார் ஸ்டேஷன் மாஸ்ரர்.

"இன்னும் ஓராள் வரோணும் மாமா."

வெளியே தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பனைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு எதிரே, கரியரில் பற்றரியோடு, அந்த வயதில் அவர் மிதித்து வர வேண்டும். மற்றச் சஹன்களில் வட்டிலப்பம் வரைக்கும் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரு வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வாசலில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. கை கழுவ ஊற்றும் செம்பை வைத்திருந்தவரிடம் நான் அதைக் கேட்டு வாங்கினேன். மீற்றர் நானா இரண்டு கைகளையும் நீட்டினார். நகக்கண் வரை கறுப்பு. அது போகும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே நின்றேன்.