தகப்பன் தூக்கிய விரல்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
8 மார்ச் 2016

அன்புள்ள மருமகன் யோனுக்கு,

இஞ்ஞாசி மாமாவின் ஆசீர். நான், உன் அத்தை மரி-லூயிஸ், மகள் ஆரெலி மூவரும் உடம்புக்குச் சுகம். மனசுக்கு என்ன என்பதைக் கீழே எழுதுகிறேன்.

போன மாதம் லா சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாயே: "மாமா, ஜிஸ்லேனுக்கு மே மாதம் பிரசவம். நல்ல கிறிஸ்தவத் தகப்பனா இருக்க நான் என்ன படிக்கணும்?" நானும் குஷியாகி, தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து இறையியல் படிக்கும் என் பழக்கத்தை விளக்கி, 'பிதாவாகிய கடவுள்' என்ற பாடத்தில் தொடங்கு என்றேன். அதை மறந்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் ஊதாரி மகன் கதையை பிரெஞ்சில் நடித்தார்கள். தகப்பன் வேடம் நம்ம ஆரெலிக்கு. ஐம்பதைத் தாண்டிப் பெற்ற பிள்ளை, என் மூக்குக்கண்ணாடியை வேறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்; எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொத்தை அழித்துப் பன்றி மேய்த்துத் திரும்பும் மகன் நிக்கோலா. கந்தலோடு வந்து முழங்காலில் விழுந்தான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய இடம், உனக்கே தெரியும். இவள் புத்தகம் விரித்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். தலை நிமிராமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி, "இந்தப் பத்தி முடியட்டும்," என்றாள். நாடகம் முழுவதிலும் அந்த ஒரு வரிதான் தமிழ். நிக்கோலா திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். விரல் இறங்கவில்லை. "அப்ப நான் பன்றிங்ககிட்டயே போறேன்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மண்டபமே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் பலசரக்குக் கடைத் தவரத்தினம். "மாஸ்டர், உங்களை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு. அரிசி மூட்டையோட வந்து நிண்டா எனக்கும் உந்த விரல்தானே," என்றார்.

வீட்டுப் படியேறும்போது ஆரெலியிடம், "பப்பா அப்படியாம்மா பண்றேன்?" என்றேன். அவள் பிரெஞ்சில் பொறுமையாக, "இல்லை பப்பா, நீ ஒரு பத்தியோடு விடமாட்டாய்," என்றாள். முன்னால் போன உன் அத்தையின் தோள் குலுங்கியது, அழுகை அல்ல. கொஞ்ச நாளாக ஆரெலி என்னிடம் எதையும் கேட்க வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சமத்தாகிவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன். வாத்தியாராக இருந்தபோது, ஒரு வரி எழுதாமல் பரீட்சை நேரம் முழுக்கப் பென்சில் சீவிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்திருப்பேன். பிதாவின் அன்பைப் படித்து முடிப்பதற்காக, பெற்ற பிள்ளையை நிற்க வைத்தவனும் அந்த வகைதான்.

விரல் தூக்குவதை அன்றோடு விட்டாயிற்று. இப்போது யார் வந்தாலும் முகம் பார்த்துத்தான் பேச்சு. செவ்ரானில் உங்கள் இருவருக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் மாதா துணையிருக்கட்டும்.

உன் மாமா,
இஞ்ஞாசி

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆரெலி ஏதோ கேட்க வந்தாளாம். நான் விரலைத் தூக்கினேனாம். சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள் என்று உன் அத்தை இப்போதுதான் சொல்கிறாள். ஆகையால் விட்டாயிற்று என்று மேலே எழுதியதை நம்பாதே. அவளைக் கூப்பிடப் போகிறேன். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், செய்து பார்: பிள்ளை வந்து நின்றால், புத்தகத்தை இரண்டு கையாலும் மூடு.