பன்னிரண்டரை மணி விருந்து

நோன்பு மாதம், உச்சிவெயில் நேரம். மெக்னெஸ் பழைய நகரத்துச் சந்தில் ஈ காக்கை இல்லை. அந்த வேளை பார்த்து பூஷ்தா வீட்டு அடுப்படியிலிருந்து ஆட்டுக்கறி வாசனை கிளம்பிவிட்டது. சாதாரணக் கறி இல்லை. உலர்ந்த பிளம் பழமும் வறுத்த பாதாமும் போட்ட கல்யாணக் கறி.

“ஏங்க, ஜன்னலைச் சாத்துங்க! தெரு முழுக்க மணக்குது!” என்று கத்தினாள் ரக்கியா.

பூஷ்தா ஓடிப்போய்ச் சாத்தினார். எல்லாம் அவர் வாயால் வந்த வினை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற மனிதர், முத்திரை குத்தினோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். பார்சல் அனுப்ப வந்த ஒடீல் என்ற பிரெஞ்சுக்காரி, “பயணப் புத்தகம் எழுதுகிறேன். உண்மையான மொராக்கோ குடும்பம் ஒன்று மதியச் சாப்பாடு சாப்பிடுவதைப் படம் எடுக்க வேண்டும்” என்றாள். “நம்ம வீட்டுக்கே வாங்க மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டார். பாரிஸ் புத்தகத்தில் தன் முகம் வரும் என்று ஆசை, வேறென்ன? ஊருக்குப் போய்விட்டுப் படம் எடுக்க அவள் திரும்பி வந்து இறங்கியதோ நோன்பு மாதத்தில். விமான டிக்கெட் அப்போதுதான் மலிவாம்.

“சாயங்காலம் நோன்பு திறக்கறப்ப எடுங்களேன் மேடம்,” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“வெளிச்சம் போய்விடும். நீங்கள் சாப்பிட வேண்டாம். சாப்பிடுகிற மாதிரி இருந்தால் போதும்.”

அடுப்படியில் ரக்கியா சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தாள். “நாக்குல வச்சுப் பாக்காம என்னத்தச் சமைக்கறது? உப்பு வேற இன்னும் போடல.”

“படத்துல உப்பா தெரியப் போகுது? கறி பளபளன்னு இருந்தா போதும்னு அவ சொல்லிட்டா. சாயங்காலம் நாம சாப்பிடறப்ப போட்டுக்கலாம், விடு.”

ரக்கியா உப்பு டப்பாவை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

கூடத்தில் ஒடீல் வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி கட்டிலுக்கு அடியில் போனது. குளிர்பதனப் பெட்டியின் மேல் கம்பளத்தைப் போர்த்தினாள். ஜீன்ஸ் போட்டிருந்த மகள் இப்திஸாமை அம்மாவின் கல்யாண உடைக்குள் திணித்தாள். இவ்வளவும் செய்தால்தான் வீடு உண்மையான மொராக்கோவாக இருக்குமாம். மக்கா படம் போட்ட சுவர்க்கடிகாரம் மட்டும் அழகாக இருக்கிறதென்று தப்பித்தது.

இப்திஸாம் அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். அடுத்த வீட்டு ஹாஜி துஹாமியின் மகன் அனஸும் அவளும் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டு, ஹாஜியின் சம்மதத்துக்குக் காத்துக் கிடந்தவர்கள். போன வாரம்தான் அந்தப் பெரிய மனிதர் தலையை ஆட்டினார். பெருநாள் கழிந்ததும் நிச்சயதார்த்தம்.

இந்த ஹாஜி இரண்டு தடவை மக்கா போய் வந்தவர். நோன்பு மாதத்தில் மொத்தச் சந்துக்கும் அவர்தான் காவல். எவன் வாய் அசைகிறது, எந்த வீட்டில் தட்டு சத்தம் கேட்கிறது என்று மூக்கையும் காதையும் தீட்டிக்கொண்டு உலாவுவார்.

ஜன்னலைச் சாத்தியதும் வீடு முழுக்கப் புகை. ஆளாளுக்கு இருமினார்கள். வாசனையை அமுக்க பூஷ்தா கைநிறைய சாம்பிராணியை அள்ளிக் கனலில் போட்டார். இப்போது கறியும் சாம்பிராணியும் கைகோத்துக்கொண்டு சந்துமுனை வரைக்கும் போயின.

கதவு தட்டப்பட்டது.

“ஏம்ப்பா பூஷ்தா, உள்ள என்ன நடக்குது?” என்றார் ஹாஜி. அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள். “பகல்ல கறி வேகுது, அதை மறைக்க சாம்பிராணி வேற!”

படம் எடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பூஷ்தா வாயில் வந்ததோ வேறு. “அது... உடம்பு சரியில்லாதவங்களுக்கு ஹாஜி. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லையே.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“இப்... இப்திஸாமுக்கு.”

“காலையில தண்ணி புடிச்சுட்டு சிரிச்சுட்டே போனாளே! என்ன வியாதி?”

“வியாதின்னு இல்ல ஹாஜி. வயிறுதான் கொஞ்சம்...”

பின்னால் நின்ற தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஹாஜியின் புருவம் மேலே போனது. விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் ரக்கியா கணவன் மேல் பாய்ந்தாள். “பாவி மனுஷா! கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு வயிறுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? உங்களுக்கு வேற உறுப்பே கிடைக்கலையா? காது வலின்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“காது வலிக்குக் கறி திம்பாங்களாடி?”

“சிரியுங்கள்!” என்றாள் ஒடீல். “சார், கை வாய்க்குக் கிட்டே. இன்னும் கிட்டே. அருமை!”

பூஷ்தா சிரித்தார். அப்படிச் சிரித்ததற்கு அவருக்கு ஏதாவது பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

ஒடீல் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் பூஷ்தாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. “கறியைத் தொடாம அப்படியே ஹாஜி வீட்டுக்குக் குடுத்துடுவோம். நோன்பு திறக்கறப்ப சாப்பிடட்டும். யாரும் தின்னலன்னு சட்டியே சாட்சி சொல்லும். இப்திஸாமே எடுத்துட்டுப் போகட்டும், நல்லா இருக்கான்னு ஊரும் பாக்கட்டும்.”

இப்திஸாம் சட்டியை ஏந்திக்கொண்டு போய், நடந்ததையெல்லாம் சொல்லி, ஹாஜியின் மனைவி லல்லா தாமுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சற்று நேரத்தில், வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஹாஜி சட்டியோடு வந்து நடுச்சந்தில் நின்றார்.

“படம் புடிக்கறதுக்கு எவனாவது கறி ஆக்குவானா? யார்கிட்ட கதை விடறே? நோன்புப் பகல்ல வெந்த கறி என் வீட்டுல எந்தத் தொண்டையிலயும் இறங்காது!” என்று ஊர் கேட்கச் சொல்லி, சட்டியை வாசலில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

ரக்கியா அழுதுகொண்டே சட்டியை எடுத்தாள். “இதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது,” என்று மொத்தத்தையும் தெருமுனைப் பூனைகளுக்குக் கொட்டிவிட்டாள். அன்று மாலை அவர்கள் வெறும் பேரீச்சம்பழமும் சூப்புமாக நோன்பைத் திறந்தார்கள்.

அத்தோடு விட்டதா? அந்த வாரமே ஒடீல் படத்தை இணையத்தில் போட்டாள். கீழே எழுதியிருந்தாள்: ‘சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கும் மொராக்கோ குடும்பம். அடுத்த மாதம் மணமகளாகப் போகும் மகள்.’ படத்தில் பூஷ்தாவின் வாய்க்கருகே கறித்துண்டு. ஜன்னல் கண்ணாடி வழியாகத் தட்டு மேல் பளீரென்று வெயில். தலைக்கு மேலே மக்கா கடிகாரம், பன்னிரண்டரை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் ஹாஜி போனை உயர்த்திப் பிடித்தார். “பாருங்கய்யா! உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்!”

“ஹாஜி, அல்லா மேல ஆணையா ஒரு துணுக்கு உள்ள போகல!”

“அப்ப கடிகாரமும் பொய் சொல்லுதா?”

பூஷ்தா அன்றே ஒடீலுக்கு எழுதினார். ‘மேடம், அது நோன்பு திறப்பு இல்லை, மதியம் எடுத்தது. தயவுசெய்து திருத்துங்கள்.’ நல்ல பெண்மணி, உடனே திருத்தினாள்: ‘நோன்பு மாதத்திலும் துணிந்து மதிய உணவு உண்ணும் நவீன மொராக்கோ குடும்பம்.’ அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர், ‘பெண்ணின் சிரிப்பைப் பாருங்கள், என்ன சுதந்திரம்!’ என்று எழுதியிருந்தார்.

மறுநாள் சம்பந்தம் முறிந்தது. “மார்க்கம் தெரியாத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்,” என்று ஹாஜி ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அனஸ் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை தேடி டான்ஜியர் போய்விட்டான். இப்திஸாம் மாடி அறையிலேயே கிடந்தாள். அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பூஷ்தா வேலைக்குப் போனார், வந்தார். சந்தில் அவருக்கு ஸலாம் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒடீலின் படத்தில் மட்டும் அவர் மகள் அடுத்த மாதக் கல்யாணப்பெண்ணாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பெருநாள் அன்று யாரும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் லல்லா தாமு மட்டும் முக்காட்டுக்குள் ஒரு தட்டு பாதாம் பலகாரத்தை மறைத்துக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷி. ரக்கியாவைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டாள்.

“தப்பு எங்க பேர்லதான் லல்லா,” என்றார் பூஷ்தா. “நோன்பு நாள்ல அந்தப் படத்துக்கு நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. ஹாஜி மார்க்கம் தெரிஞ்சவரு, அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.”

லல்லா தாமு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அட, படமாவது கடிகாரமாவது! அன்னைக்குச் சட்டியைத் திருப்பித் தர்றதுக்கு முன்னாடி, நின்ன வாக்குல ரெண்டு துண்டு எடுத்து வாயில போட்டவரு, அப்பவே சொல்லிட்டாரு தாயி, ‘சீ, இதுல உப்பே இல்ல, இந்த வீட்டுப் பொண்ணு நமக்கு வேண்டாம்’னு.”